சிலந்தி மனிதர் ஆறுமுகம்

1921-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் எச்.எம்.எஸ். மலாயா என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பல் நம் நாட்டுத் துறைமுகங்களுக்கு வந்தது. அக்கப்பலைக் கட்டுவதற்கான செலவை ஏற்றவை அன்றைய கூட்டரசு மலாய் மாநிலங்கள். எனவே, கப்பல் சென்ற இடமெல்லாம் மக்கள் அதனை ஆவலுடன் வரவேற்றனர். மாலுமிகள் கரையில் இறங்கி உள்ளூர் ஆட்டக்காரர்களுடன் காற்பந்து, ரக்பி, ஹாக்கி முதலிய நட்புமுறை ஆட்டங்களில் பங்கேற்றனர். அந்த வரவேற்பை மறக்காத கப்பல் தலைவரும் ஊழியர்களும் சில மாதங்கள் கழித்து இரண்டு கிண்ணங்களை அன்பளிப்பாக வழங்க முன்வந்தனர். ஒன்று காற்பந்துக்கு, மற்றொன்று ரக்பிக்கு.

மலாயாக் கிண்ணக் காற்பந்துப் போட்டி இவ்வாறுதான் பிறந்தது. 1921 ஆகஸ்டு 20-ஆம் நாள் கோலாலம்பூரில் நடந்த முதல் ஆட்டத்தில் சிலாங்கூர் 5-1 என்ற கோல் கணக்கில் பினாங்கைத் தோற்கடித்தது. ஏறத்தாழ 5,000 பேர் திடலைச் சூழ்ந்து நின்று அதனைக் கண்டு களித்தனர். அவ்வாண்டின் இறுதியாட்டத்தில் சிங்கப்பூர் 2-1 என்ற கணக்கில் சிலாங்கூரை வென்று முதல் வெற்றியாளரானது. அன்று தொடங்கிய சிலாங்கூர் - சிங்கப்பூர் போட்டி பல தலைமுறைகளுக்கு நீடித்தது. 1967-இல் அப்போட்டி மலேசியக் கிண்ணம் எனப் புதுப்பெயர் பெற்றது.

அந்தக் கிண்ணத்தின் வரலாற்றில் நீங்கா இடம்பெற்ற தமிழர் ஆர். ஆறுமுகம் ஆவார். அவர் 1953 ஜனவரி 31-ஆம் நாள் போர்ட் சுவெட்டன்ஹாமில் பிறந்தார். இன்று நாம் போர்ட் கிள்ளான் என அழைக்கும் துறைமுக நகரமே அது. சிலாங்கூர் மாநிலத்தில் வளர்ந்த அவர், அம்மாநிலக் குழுவின் கோல் காவலராக உயர்ந்தார்.

காற்பந்துக் குழுவில் உள்ள பதினொருவரில் கோல் காவலரின் பணி தனித்தன்மை வாய்ந்தது. ஆட்டம் நடந்துகொண்டிருக்கும்போது பந்தைக் கையால் தொட அனுமதி பெற்றவர் அவர் ஒருவரே. அதுவும் தம் பெனால்டி எல்லைக்குள் மட்டுமே. தாக்குதல் ஆட்டக்காரர் பத்து வாய்ப்புகளைத் தவறவிட்டு ஒரு கோல் அடித்தாலும் வீரராகப் போற்றப்படுவார். கோல் காவலரோ பத்துப் பந்துகளைத் தடுத்து ஒன்றை விட்டுவிட்டாலும் அந்த ஒன்றுக்காகவே பழிக்கப்படுவார். அவருடைய தவற்றைச் சரிசெய்ய அவருக்குப் பின்னால் எவரும் இல்லை. வலை மட்டுமே இருக்கும். இப்பொறுப்பைத்தான் ஆறுமுகம் பதின்மூன்று ஆண்டுகள் நாட்டுக்காகச் சுமந்தார்.

அவருடைய கைகள் நீளமானவை. கோலின் ஒரு மூலையை நோக்கிப் பறக்கும் பந்தை, மறுபக்கத்திலிருந்து பாய்ந்து சென்று அவர் தட்டிவிடும் காட்சி இரசிகர்களை வியக்க வைத்தது. வலை பின்னி இரையைப் பிடிக்கும் சிலந்தியைப் போல் பந்தைப் பிடித்ததால் 'ஸ்பைடர்மேன்' என்ற பட்டப்பெயர் அவருக்கு நிலைத்தது. மலாய்க்காரர், சீனர், இந்தியர் என்ற வேறுபாடின்றி நாடே அவரை அப்பெயரால் அழைத்தது.

1973-இல், இருபதாம் வயதில், ஆறுமுகம் தேசியக் குழுவில் இடம்பிடித்தார். அதற்கு முந்தைய ஆண்டுதான் மலேசியக் காற்பந்துக் குழு மியூனிக் ஒலிம்பிக் போட்டியில் விளையாடியிருந்தது. ஓராண்டு தாமதமாக வந்த அந்த இளைஞரின் முன்னே ஒலிம்பிக் என்ற கனவு விரிந்து கிடந்தது. 1974-இல் தெஹ்ரானில் நடைபெற்ற ஆசிய விளையாட்டுப் போட்டியில் மலேசியா வெண்கலப் பதக்கம் வென்றது. 1977-இல் கோலாலம்பூரிலும் 1979-இல் ஜகார்த்தாவிலும் தென்கிழக்காசிய விளையாட்டுப் போட்டியின் தங்கப் பதக்கம் நம் குழுவுக்குக் கிடைத்தது. மெர்டேக்காக் கிண்ணமும் அக்காலத்தில் பலமுறை நம் வசமானது.

மாநில அளவிலும் அது சிலாங்கூரின் பொற்காலமாகும். 1975, 1976, 1978, 1979, 1981 ஆகிய ஆண்டுகளில் சிலாங்கூர் மலேசியக் கிண்ணத்தை வென்றது. இந்த ஐந்து இறுதியாட்டங்களிலும் எதிர்த்து நின்ற குழு சிங்கப்பூர்தான். 1921-இல் தோற்ற மாநிலம், அரை நூற்றாண்டுக்குப் பின் அதே எதிரணியை மீண்டும் மீண்டும் வென்றுகாட்டியது.

ஆறுமுகம் தனியாக நின்று இச்சாதனைகளைப் படைக்கவில்லை. தேசியக் குழுவின் தற்காப்பில் அவருக்கு முன்னால் அரணாக நின்றவர்கள் சோ சின் ஆனும் சந்தோக் சிங்கும் ஆவர். முன்வரிசையில் கோல்களைக் குவித்தவர் மொக்தார் டஹாரி. ஒரு தமிழர், ஒரு சீனர், ஒரு சீக்கியர், ஒரு மலாய்க்காரர் ஆகிய நால்வரும் ஒரே சீருடை அணிந்து, ஒருவர் மற்றவரை நம்பி விளையாடினர். நம்பிக்கை இல்லாத தற்காப்பு நொடியில் சிதறிவிடும் என்பது அவர்களுக்கு நன்கு தெரியும்.

1976-இல் மலேசியா ஒலிம்பிக் தகுதியைப் பெறவில்லை. நான்கு ஆண்டுகள் கழித்து மீண்டும் வாய்ப்பு வந்தது. 1980 மாஸ்கோ ஒலிம்பிக்கிற்கான தகுதிச்சுற்று கோலாலம்பூர் மெர்டேக்கா அரங்கத்தில் நடைபெற்றது. 1957-இல் நாட்டின் விடுதலை அறிவிக்கப்பட்ட அதே அரங்கம் அது. ஏப்ரல் 6-ஆம் நாள் நடந்த இறுதியாட்டத்தில் மலேசியாவும் வலிமைமிக்க தென்கொரியாவும் மோதின. ஆட்டம் 1-1 எனச் சமநிலையில் இருந்தபோது, முடிவதற்குச் சில நிமிடங்களே எஞ்சியிருந்த வேளையில், ஜேம்ஸ் வோங் வெற்றிக் கோலை அடித்தார். அரங்கமே அதிர்ந்தது. ஆறுமுகத்தின் ஏழாண்டுக் காத்திருப்பு நிறைவேறிவிட்டதாகவே தோன்றியது.

ஆனால், திடலுக்கு வெளியே உலக அரசியல் வேறு திசையில் நகர்ந்துகொண்டிருந்தது. 1979 டிசம்பரில் சோவியத் படைகள் ஆப்கானிஸ்தானுக்குள் நுழைந்திருந்தன. அதனைக் கண்டித்துப் பல நாடுகள் மாஸ்கோ ஒலிம்பிக்கைப் புறக்கணித்தன. மலேசியாவும் அவற்றுடன் சேர்ந்துகொண்டது. நம் குழுவின் இடம் ஈராக்கிற்குச் சென்றது. திடலில் வென்ற வாய்ப்பைத் திடலுக்கு வெளியே இழக்க நேர்ந்தது.

அந்த ஏமாற்றம் எந்த ஆட்டக்காரரையும் முடக்கிப் போட்டிருக்கக்கூடும். எனினும், ஆறுமுகம் கையுறையைக் கழற்றி வைக்கவில்லை. 1984 ஒலிம்பிக்கிற்கும் மலேசியா தகுதி பெறவில்லை. ஆயினும் 1986 வரை அவர் தேசியக் குழுவில் நீடித்தார். நாட்டுக்காக அவர் விளையாடிய ஆட்டங்களின் எண்ணிக்கை 196 எனக் குறிக்கப்படுகிறது. ஒலிம்பிக் திடலில் ஒருமுறையேனும் நிற்கும் பேறு மட்டும் அவருக்குக் கிட்டவில்லை.

1988 டிசம்பர் 18-ஆம் நாள் நேர்ந்த கார் விபத்தில் ஆறுமுகம் உயிரிழந்தார். அப்போது அவருக்கு வயது 35 மட்டுமே. எத்தனையோ பந்துகளைத் தடுத்த அந்தக் கைகள் ஓய்ந்த செய்தி நாட்டு மக்களைத் துயரில் ஆழ்த்தியது. கிள்ளானிலும் பிரிக்பீல்ட்ஸிலும் அவரைப் பார்த்துக் காற்பந்தை நேசிக்கத் தொடங்கிய தமிழ் இளைஞர்களுக்கு அது சொந்த வீட்டு இழப்பாகவே இருந்தது.

2016-இல் வெளிவந்த 'ஓலா போலா' என்ற மலேசியத் திரைப்படம் 1980-ஆம் ஆண்டுக் குழுவின் கதையைத் தழுவி எடுக்கப்பட்டது. அதில் வரும் முத்து என்ற கோல் காவலர் கதாபாத்திரம், ஆறுமுகத்தைக் கண்டிராத தலைமுறைக்கும் அவரை நினைவூட்டியது.

கப்பல் மாலுமிகள் அளித்த ஒரு கிண்ணம் இந்நாட்டு மக்களை ஒரே திடலில் கூட்டியது. அந்தத் துறைமுக நகரில் பிறந்த ஒருவர் அதே திடலில் நின்று நாட்டின் பெயரைக் காத்தார். பரிசு கைக்கு எட்டாமல் போன பின்னரும் அவர் தம் கடமையிலிருந்து விலகவில்லை. கோல் அடித்தவர்களை மட்டுமன்றி, கோல் விழாமல் காத்தவரையும் மலேசியர்கள் இன்றும் நினைவில் வைத்திருப்பதற்கு அதுவே காரணமாகும்.