நொறுங்கியும் பேசிய மாதிரிகள்

கட்டடத்தை மனத்திலே காண்பது ஒரு கலை. கண்டதைக் கொத்தர் கைக்கும் கல்தச்சர் உளிக்கும் விளங்கச் செய்வது அதனினும் அரிய கலை. அக்கலையில் தேர்ந்தவர் அந்தோனி கௌடி.

ஸ்பெயின் நாட்டுக் கத்தலோனியாவில், செம்புக் கொல்லர் ஒருவரின் மகனாக 1852-இல் பிறந்தார். பார்சலோனா நகரில் சக்ராதா பமீலியா என்னும் திருக்குடும்பக் கோயிலைக் கட்டும் பொறுப்பு 1883-இல் அவரிடம் வந்தது. அப்போது அவருக்கு வயது 31.

அவர் எண்ணிய வடிவங்கள் தாளில் எளிதில் அடங்குபவை அல்ல. எனவே பாரிஸ் சாந்தால் பெரிய மாதிரிகள் செய்து பணியாளர் முன் வைத்தார். பிற்காலத்தில், நேர்கோடுகளை நகர்த்தியே உருவாக்கத்தக்க வளைபரப்புகளைத் தேர்ந்தார். பார்வைக்குச் சிக்கலான வளைவு. ஆயினும் அதற்குரிய கணித விதி எளியது.

1926-இல் டிராம் வண்டி மோதி அவர் இறந்தார். கோயில் முடியவில்லை. 1936-இல் உள்நாட்டுப் போர் மூண்டபோது பணிக்கூடம் தீக்கிரையாயிற்று. வரைபடங்கள் எரிந்தன, மாதிரிகள் நொறுங்கின. அத்துடன் எல்லாம் முடிந்ததா? இல்லை. அவருடன் உழைத்தவர்கள் துண்டுகளைப் பொறுக்கி ஒட்டினர். விதிப்படி அமைந்த பரப்பாதலால், கிடைத்த துண்டிலிருந்து கிடைக்காத பகுதியையும் பின்வந்தோர் கணக்கிட முடிந்தது. பணி தொடர்ந்தது.

நண்பர்களே! முன்பிருந்த மாணவர் ஒருவரின் குறிப்பேடு விளங்காமல், ஆய்வுக்கூடத்தில் நான் பல வாரம் திகைத்ததுண்டு. நம் குறிப்பேடு, நாம் சென்றபின் வருபவரிடம் பேசுமா?