ஓசை அடங்காத எஞ்சின்: பேர்டினண்ட் போர்ஷேயின் வாழ்க்கை

கண்ணுக்குத் தெரியுமுன்னரே, காதால் கேட்டு இன்ன வண்டி வருகின்றது என்று சொல்லக்கூடிய மோட்டார் வண்டிகள் மிகச் சில. அவற்றுள் தலையாயது வொக்ஸ்வாகன். ஆமையின் ஓட்டைப் போல் வளைந்த அதன் முதுகும், அம்முதுகின் கீழிருந்து எழும் படபடவென்ற ஓசையும் இலங்கையின் வீதிகளுக்கு அரை நூற்றாண்டுக்கும் மேலாகப் பழகிப்போனவை. அவ்வண்டியை வகுத்த பேர்டினண்ட் போர்ஷேயின் வாழ்க்கையை, அந்த ஓசையையே வாயிலாகக் கொண்டு நுழைந்து பார்க்கலாம் என்பது என் எண்ணம்.

அந்த எஞ்சின் ஏன் அவ்வளவு இரைகின்றது? நாம் காணும் வண்டிகளுள் பெரும்பாலானவற்றில் சிலிண்டர்களைச் சுற்றி நீர் ஓடுகின்றது. அந்நீர் வெப்பத்தைக் கொண்டுசெல்வதோடு, போர்வை போலச் சூழ்ந்து நின்று ஓசையிலும் ஒரு பகுதியை விழுங்கிவிடுகின்றது. காற்றினாலே குளிர்விக்கப்படும் எஞ்சினுக்கு அப்போர்வை இல்லை. சிலிண்டர்களின் மேல் மெல்லிய உலோகச் செதில்கள் அடுக்கடுக்காக நிற்கின்றன. விசிறி ஒன்று ஓயாது சுழன்று அச்செதில்களின் இடையே காற்றைத் தள்ளுகின்றது. செதில்களின் அதிர்வும் விசிறியின் இரைச்சலும் தடையின்றி வெளியே வருகின்றன. இதனை நன்கு அறிந்திருந்தும் போர்ஷே காற்றையே தேர்ந்தார். அத்தேர்வுக்கு அவரை இட்டுச்சென்ற பாதை நீண்டது.

1875ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதம் 3ஆந் திகதி, அக்காலத்து ஒஸ்திரிய–ஹங்கேரியப் பேரரசுக்கு உட்பட்ட பொஹீமியாவிலே, மாஃபர்ஸ்டோர்ஃப் என்னும் ஊரில் அவர் பிறந்தார். அவ்வூர் இப்பொழுது செக் நாட்டில் உள்ளது. தந்தையார் அன்டன் தகர வேலை செய்பவர். மூத்த மகன் இறந்தபின், பட்டறையை இளைய மகன் ஏற்கவேண்டும் என்பதே தந்தையின் விருப்பமாயிருந்தது. பகலிலே தகரத்தை வெட்டியும் வளைத்தும் பழகிய பிள்ளை, மாலையிலே ரைஹன்பேர்க் நகரத் தொழில்நுட்பப் பாடசாலைக்குச் சென்று மின்சாரத்தைக் கற்றான். ஈற்றில் தந்தையார் மனமிளகி, 1893ஆம் ஆண்டில், பதினெட்டு வயதினனாகிய மகனை வியன்னாவுக்கு அனுப்பினார். அங்கே மின்பொறிகள் செய்யும் நிறுவனம் ஒன்றில் வேலை கிடைத்தது. பல்கலைக்கழகத்தில் முறைப்படி சேர்ந்து பட்டம் பெறாத அவ்விளைஞர், ஓய்வு நேரத்தில் விரிவுரை மண்டபங்களில் ஓசைப்படாமற் போய் அமர்ந்து கேட்டுவந்தார் என்பர். பிற்காலத்தில் அவர் பெயரின் முன் நின்ற கலாநிதிப் பட்டங்கள் எல்லாம் கௌரவப் பட்டங்களே.

வாழ்நாளெல்லாம் இரையும் எஞ்சினோடு இணைத்துப் பேசப்படும் இம்மனிதருக்கு முதற் புகழைத் தேடித்தந்தது ஏறத்தாழ ஓசையே இல்லாத ஒரு வண்டி என்பது வியப்புக்குரியது. வியன்னாவிலே குதிரை வண்டிகள் செய்து பேர்பெற்ற லோனர் நிறுவனத்துக்காக, முன் சக்கரங்களின் குடத்துக்குள்ளேயே மின்மோட்டாரை அமைத்து அவர் ஒரு வண்டியை ஆக்கினார். சங்கிலியும் இல்லை, பல்சக்கரமும் இல்லை. 1900ஆம் ஆண்டில் பாரிஸ் உலகக் கண்காட்சியில் அது வைக்கப்பட்டது. ஆயினும் ஈய மின்கலங்களின் பாரம் பெருங்குறையாயிற்று. அதனைக் குறைக்கும் பொருட்டு, பெற்றோல் எஞ்சினால் டைனமோவைச் சுழற்றி, அம்மின்சாரத்தால் சக்கரங்களை ஓட்டும் கலப்பு வண்டியையும் அவர் செய்தார். பாரம் என்ற பகைவனோடு அவர் தொடங்கிய போர் அது.

1906ஆம் ஆண்டில் ஒஸ்ட்ரோ–டைம்லர் நிறுவனத்தின் தொழில்நுட்பத் தலைவரானார். 1910இல் இளவரசர் ஹைன்ரிஹ் பெயரால் நடந்த ஓட்டப்போட்டியில், தாம் வகுத்த வண்டியைத் தாமே ஓட்டி வென்றார். பின்னர் ஆகாய விமானங்களுக்கான எஞ்சின்களை ஆக்கும் பணி வந்தது. விமானத்தில் ஒவ்வோர் இறாத்தல் பாரமும் கணக்குக்கு உரியது; நீரைச் சுமந்து பறப்பது வீண் சுமை. இருபுறமும் இரண்டிரண்டாகச் சிலிண்டர்கள் எதிரெதிரே படுத்திருக்க, காற்றாற் குளிரும் ஓர் எஞ்சினை 1912ஆம் ஆண்டளவில் அவர் அமைத்தார். பிற்காலத்தில் கோடிக்கணக்கான மக்கள் கேட்கப்போகும் ஓசையின் வித்து அதுவே எனலாம்.

முதல் உலக யுத்தத்தின் பின் அவர் மனம் சிறு வண்டியை நாடியது. 1922இல் சாஷா என்னும் சிறு பந்தய வண்டி சிசிலித் தீவின் டார்கா ஃப்ளோரியோ ஓட்டத்தில் தன் வகுப்பில் வென்றது. ஆனால் முதலாளிகள் விரும்பியவை பெரிய வண்டிகள். 1923இல் ஸ்டுட்கார்ட்டின் டைம்லர் நிறுவனத்துக்குச் சென்றார்; அங்கும் பெயர்பெற்றவை மேர்சிடிஸ் என்னும் ஆற்றல்மிக்க பெருவண்டிகளே. அங்கிருந்தும் விலகி, 1931இல் ஸ்டுட்கார்ட்டிலேயே சொந்தமாக ஒரு வரைவகத்தைத் தொடங்கினார். சுண்டாப் நிறுவனம் ஒரு சிறு வண்டியை வரையச் சொன்னது. ஆனால் எஞ்சின் நீராற் குளிரவேண்டும் என்றது. என்எஸ்யூ நிறுவனத்துக்காக வரைந்தபோது காற்றாற் குளிரும் நான்கு சிலிண்டர் எஞ்சினை அமைத்தார். இரண்டும் மாதிரி வண்டிகளோடு நின்றுபோயின.

1933இல் ஜேர்மனியின் ஆட்சி ஹிட்லரின் கைக்கு வந்தது. மக்கள் யாவரும் வாங்கத்தக்க வண்டி ஒன்று வேண்டும், அதன் விலை 1,000 மார்க்குக்கு உட்பட்டிருக்கவேண்டும் என்பது அவ்வாட்சியின் கோரிக்கை. 1934ஆம் ஆண்டு ஜூன் மாதம் போர்ஷே அதற்கான ஒப்பந்தத்தை ஏற்றார். தொழிலாளிக்கும் விவசாயிக்கும் வண்டி நிறுத்தக் கொட்டகை இராது. பனிக்காலத்து இரவிலே வெளியில் நிற்கும் வண்டியின் நீர் உறைந்தால் எஞ்சின் வெடித்துப்போகும். காற்று உறைவதில்லை, கொதிப்பதில்லை, ஒழுகுவதுமில்லை. ஆகவே காற்று என்பது முடிவாயிற்று. எஞ்சினை வரைந்தவர் அவருடைய உதவியாளராகிய ஃபிரான்ஸ் ரைம்ஸ்பீஸ். புறவடிவை அமைத்தவர் ஏர்வின் கொமெண்டா. டாட்ரா நிறுவனத்தின் ஹான்ஸ் லெட்விங்கா இதே வழியில் முன்னரே நடந்தவர். அந்நிறுவனத்தின் உரிமைகளுக்காக யுத்தத்தின் பின் வொக்ஸ்வாகன் நிறுவனம் பெருந்தொகை கொடுத்து வழக்கைத் தீர்த்துக்கொண்டது. ஒரு பெயரால் வழங்கும் படைப்புக்குப் பின்னால் பல கைகள் இருப்பதை மாணவர்கள் மனத்திற்கொள்ளுதல் நன்று.

இவ்வளவையும் நூல்களிற் படித்திருந்தேனாயினும், எஞ்சின் அறையின் அமைப்பு எனக்கு விளங்கியது அண்மையிலேதான். பழைய வொக்ஸ்வாகன் ஒன்றைப் புதுப்பிக்கும் வேலையை, மெக்கானிக் ஒருவரின் பட்டறையில் சில நாட்கள் உடனிருந்து கவனித்தேன். எஞ்சினைக் கழற்றி இறக்கியதும், பின் ஆசனத்துக்கு அப்பாலுள்ள சுவரில் ஒட்டியிருந்த பழைய தார் அட்டை இற்றுத் தொங்கியது. அதனைச் சுரண்டி, எண்ணெய்ப் பிசுக்கைக் கழுவி, துருவைத் தேய்த்து, பெயின்ற் பூசிய பின்னரே ஓசை தணிக்கும் வேலை தொடங்கிற்று. முதலில் பாரமான தார்த் தகடுகளை ஒட்டினார். அவை சுவர்த் தகரத்தின் அதிர்வை அடக்குவன. அதன்மேல் எண்ணெயை உறிஞ்சாத, நுண்ணறைகள் மூடிய றப்பர்ப் படலம். சாதாரண ஸ்பொஞ்சு எண்ணெயும் பெற்றோலும் குடித்துத் தீக்கு இரையாகும் என்று அதனை அவர் தொடவேயில்லை. ஒட்டியவற்றின் விளிம்புகளைத் தகரப் பட்டிகளால் இறுக்கினார். கழன்று விழும் துண்டு விசிறியின் வாய்க்குள் இழுபட்டால் எஞ்சினுக்கே கேடு.

அந்த அறை உண்மையில் இரண்டு தட்டு வீடு போன்றது. மேலே குளிர்ந்த காற்று. கீழே சுடும் சிலிண்டர்களும் புகைக்குழாயும். இடையே எஞ்சினைச் சுற்றித் தகரத் தகடுகள். அவற்றின் விளிம்பில் றப்பர்ப் பட்டி. அப்பட்டி இற்றுப்போனால், கீழுள்ள வெப்பக்காற்று மேலேறி மீண்டும் விசிறிக்குள் புகும். எஞ்சின் தன் மூச்சையே தான் உண்டு வெந்துபோகும். வண்டியின் சொந்தக்காரர் இன்னும் ஓசை குறையவேண்டும் என்று விரும்பி, பின்மூடியின் காற்று வெட்டுக்களையும் உட்புறமாக மறைக்கலாமா என்று கேட்டார். மெக்கானிக் இணங்கவில்லை. சுவரை எவ்வளவும் மூடலாம், மூச்சு வரும் வழியை மூடலாகாது என்பது அவர் கொள்கை. காற்றைத் தகரத்தால் வழிநடத்தும் அவ்வமைப்பைக் கண்டபோது, தகரப் பட்டறையில் வளர்ந்த பிள்ளையை நான் நினைத்துக்கொண்டேன்.

எவ்வோசையைத் தணிக்கலாம், எதனைத் தணிக்கலாகாது என்னும் இக்கேள்வி போர்ஷேயின் வாழ்க்கையை எழுதுவோர்க்கும் உரியது. 1938ஆம் ஆண்டு மே மாதம் 26ஆந் திகதி ஃபாலர்ஸ்லேபன் அருகே தொழிற்சாலைக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. வாரத்துக்கு 5 மார்க் முத்திரை வாங்கி ஒட்டிச் சேமித்தோர் 3 இலட்சத்துக்கு மேற்பட்டோர். அவர்களுள் ஒருவருக்கேனும் அத்திட்டத்தின்படி வண்டி கிடைக்கவில்லை. 1939இல் யுத்தம் மூண்டது. தொழிற்சாலை படைக்கருவிகளைச் செய்தது. அதே காற்றெஞ்சின் பொருத்திய இராணுவ வண்டிகள் ரஷ்யப் பனியிலும் ஆபிரிக்க மணலிலும் ஓடின. எஞ்சினைக் குறித்த கணிப்புச் சரியாயிற்று. அது எதற்குப் பயன்பட்டது என்பது வேறு கணக்கு.

அத்தொழிற்சாலையில் யுத்த காலத்தில் கட்டாய வேலை வாங்கப்பட்டோர் ஏறத்தாழ 20,000 பேர். போர்க்கைதிகளும், பிடித்துவரப்பட்ட அந்நிய நாட்டவரும், வதைமுகாம்களிலிருந்து கொண்டுவரப்பட்டோரும் அவர்களுள் அடங்குவர். அப்பெண்களுக்குப் பிறந்த குழந்தைகள் தாய்மாரிடமிருந்து பிரிக்கப்பட்டு ஒரு விடுதியில் வைக்கப்பட்டன. ரூயன் என்னும் ஊரிலிருந்த அவ்விடுதியில் 300க்கும் மேற்பட்ட குழந்தைகள் கவனிப்பாரற்று மாண்டன. பொறுப்பாயிருந்த தொழிற்சாலை மருத்துவரைப் பிரித்தானிய இராணுவ நீதிமன்றம் விசாரித்தது. 1947இல் அவர் தூக்கிலிடப்பட்டார். போர்ஷே நாசிக் கட்சியில் 1937இல் சேர்ந்தவர். எஸ்எஸ் படையின் கௌரவப் பதவியும் பெற்றவர். தொழிற்சாலையின் தலைமையிலும் இருந்தவர். அரசியல் தமக்கு அயலானது என்ற பாங்கில் அவர் வாழ்ந்தார் என்று கூறுவோர் பலர். ஆயின், வேலையாட்களை எங்கிருந்து கொணர்ந்தார்கள் என்பது வரைபலகையோடு நின்றுவிடும் செய்தியன்று.

அவர் வகுத்த பெரிய போர்த்தாங்கிக்கும் காற்றாற் குளிரும் எஞ்சின்களையே பொருத்தினார். அவை அப்பெரும் பாரத்துக்கு ஈடுகொடாமற் போகவே, 1942இல் ஹென்ஷல் நிறுவனத்தின் அமைப்புத் தேர்ந்தெடுக்கப்பட்டது. எஞ்சிய உடற்சட்டங்களில் நீராற் குளிரும் எஞ்சின்களைப் பொருத்திப் பீரங்கி வண்டிகளாக்கினர். அவற்றுக்கு அவருடைய பெயரே சூட்டப்பட்டது. சிறு வண்டிக்கு வரமாயிருந்த கொள்கை பெருந்தாங்கியில் பொய்த்தது.

யுத்தம் முடிந்தது. 1945ஆம் ஆண்டு டிசெம்பரில் பிரெஞ்சு அதிகாரிகள் அவரைச் சிறைப்படுத்தினர். எழுபது வயது நிரம்பியவர் டிஜோன் சிறையின் குளிரில் நலிந்தார். இடையில் ரெனோ நிறுவனத்தின் சிறு வண்டிக்கு ஆலோசனை சொல்லவும் வைக்கப்பட்டார். மகன் ஃபெரி இத்தாலிய நிறுவனம் ஒன்றுக்குப் பந்தய வண்டி வரைந்து ஈட்டிய பணம் பிணைப்பணமாக உதவ, 1947 ஓகஸ்டில் விடுதலையானார். பின்னர் பிரெஞ்சு நீதிமன்றம் அவரைக் குற்றமற்றவர் எனத் தீர்த்தது. அவ்வழக்கு ஜேர்மன் தொழிற்சாலையின் குழந்தைகளைப் பற்றியதன்று.

1950ஆம் ஆண்டு நவம்பரில் வொல்ஃப்ஸ்பேர்க் தொழிற்சாலையை அவர் மீண்டும் கண்டார். தம் வண்டிகள் வரிசையாக வெளிவருவதைப் பார்த்துத் திரும்பியவர் சில நாட்களில் நோயுற்று, 1951ஆம் ஆண்டு ஜனவரி மாதம் 30ஆந் திகதி, எழுபத்தைந்தாம் வயதில் ஸ்டுட்கார்ட்டிலே காலமானார். அவ்வண்டி 2003ஆம் ஆண்டு வரை மெக்சிக்கோவில் உற்பத்தியாகி, மொத்தம் 2 கோடியே 15 இலட்சத்தைத் தாண்டியது.

கட்டாய வேலைக்காரரின் கதையோ நெடுங்காலம் வெளிவரவில்லை. வொக்ஸ்வாகன் நிறுவனமே கேட்டுக்கொண்டபடி வரலாற்றாசிரியர் ஹான்ஸ் மொம்சனும் அவருடன் உழைத்தோரும் ஆராய்ந்து எழுதிய பெருநூல் 1996இல்தான் வெளியாயிற்று. 1998இல் எஞ்சியிருந்தோர்க்கென நிதி அமைக்கப்பட்டது. அதற்குள் பலர் இறந்துபோயினர். அரை நூற்றாண்டாக அந்த ஓசை தடித்த சுவரின் பின்னே அடங்கிக்கிடந்தது.

மேதையின் வாழ்வைப் படிக்கும் நாம் இருவகைத் தவறும் செய்யலாகாது. குற்றத்தைக் கண்டு, ஏழை வீட்டு வாயிலிலும் வண்டி நிற்க வழிசெய்த அறிவை மறுத்தல் ஒன்று. அறிவைக் கண்டு மயங்கி, அந்தக் குழந்தைகளை மறத்தல் மற்றொன்று. வாழ்க்கை வரலாற்றைச் செம்மைசெய்து மெருகிட எழுதுவோர்க்கு உரிமை உண்டு. ஆனால் அதற்குள் உண்மை வந்துபோகும் வழி திறந்திருத்தல் வேண்டும். வகுப்பறையில் போர்ஷேயின் பெயரைச் சொல்லும் ஆசிரியர்கள் ரூயன் என்னும் ஊரின் பெயரையும் உடன் சொல்வார்களாக.