விளையாட்டில் போர் கண்ட வெல்ஸ்

மரக்காணத்து உப்பளங்களைக் கோடையிற் காண்போர்க்கு அவை பெரியதொரு சதுரங்கப் பலகையை விரித்தாற் போலத் தோன்றும். விடுமுறையில் ஆங்குச் சென்றிருந்த யாம், உலர்ந்து கிடந்த பாத்தியொன்றில் சிறுவர் சிலர் களிமண்ணால் டாங்கிகள் செய்து, அணியணியாய் நிறுத்திப் போர் விளையாடக் கண்டோம். அவருள் ஒருவன் தன் டாங்கிகளின் மீது உப்புக்கற்களை ஆட்களென வைத்திருந்தான். அவ்வூருக்கு வடக்கே கடலோரத்தில் ஆலம்பரைக் கோட்டை இடிந்து கிடக்கின்றது. 1750-ல் பிரெஞ்சுத் தலைவர் டூப்ளேயின் வசமாகி, 1760-ல் ஆங்கிலேயரால் கைப்பற்றி அழிக்கப்பட்ட கோட்டை அது. விளையாட்டுப் போரையும் மெய்ப்போரின் சுவட்டையும் அருகருகே கண்ட எமக்கு, இவ்விரண்டையும் ஆழ்ந்தெண்ணிய ஆங்கில ஆசிரியர் எச். ஜி. வெல்ஸ் அவர்களின் சரித்திரம் நினைவிற்கு வந்தது. அதனைச் சுருக்கமாகக் கூறுவாம்.

ஹெர்பர்ட் ஜார்ஜ் வெல்ஸ் 1866-ம் ஆண்டு செப்டம்பர் 21-ம் நாள் அக்காலத்தில் கென்ட் பகுதியைச் சேர்ந்திருந்த பிராம்லியில் பிறந்தார். தந்தையார் பீங்கான் பாத்திரக் கடை வைத்திருந்தார். கிரிக்கெட் ஆட்டத்திலும் பொருளீட்டினார். எனினும் குடும்பத்தில் வறுமை நீங்கவில்லை. 1874-ல் வெல்ஸின் கால் முறிந்தது. படுக்கையிற் கிடந்த நாட்களிலேதான் நூல்கள் அவருக்குத் துணையாயின. பின்னர் வறுமையால் துணிக்கடையில் வேலை பழகும் பையனாக அமர்ந்து மனம் நொந்தார். 1884-ல் உபகாரச் சம்பளம் பெற்று லண்டனில் ஹக்ஸ்லி என்னும் பேரறிஞரிடம் உயிர்நூல் பயின்றார். 1895-ல் வெளிவந்த காலயந்திரம் பற்றிய கதை அவருக்குப் பெரும் புகழைத் தந்தது.

1903-ல் ஸ்டிராண்ட் என்னும் பத்திரிகையில் அவர் ஒரு கதை எழுதினார். தரையில் ஊர்ந்து செல்லும் இரும்புக் கப்பல்கள் பகைவரின் அகழிகளைக் கடந்து சென்று வெல்வதே அதன் பொருள். அக்காலத்தில் டாங்கி என்னும் பெயரே போர்க்களத்தில் இல்லை. பதின்மூன்றாண்டு கழித்து, 1916 செப்டம்பர் 15-ம் நாள் பிரான்சு தேசத்துச் சோம் போர்க்களத்தில் மெய்யான டாங்கிகள் முதன்முறை தோன்றின. அவற்றை வகுத்த முறை அறியத்தக்கது. ஒரு கம்பெனிக்கு 25 டாங்கிகள். பிரிவொன்றுக்கு ஆறாக நான்கு பிரிவுகள். எஞ்சிய ஒன்று சேமத்திற்கு. பிரிவுதோறும் ஆண் எனப்பட்டவை மூன்று, பெண் எனப்பட்டவை மூன்று. ஆண் டாங்கி 6 பவுண்டுப் பீரங்கிகளால் பகைவரின் துப்பாக்கி நிலைகளைத் தகர்க்கும். பெண் டாங்கி யந்திரத் துப்பாக்கிகளால், நெருங்கிவரும் காலாட்களைத் தடுக்கும். ஒன்றன் குறையை மற்றொன்று நிரப்புதலே இவ்வகுப்பின் நோக்கம். ஒவ்வொன்றினுள்ளும் எட்டு மனிதர் புகையிலும் வெப்பத்திலும் வெந்தனர்.

இவ்வுண்மையை வெல்ஸ் முன்னரே விளையாட்டில் வைத்திருந்தார். சாண்ட்கேட் என்னும் கடற்கரையூரில் அவர் வாழ்ந்தார். ஆங்கும் பழங்கோட்டை ஒன்று கடலோரத்தில் உண்டு. விருந்தினர் ஒருவர் உணவிற்குப் பின் பொம்மைப் பீரங்கியால் ஈயச் சிப்பாய்களைக் குறிபார்த்ததே அவ்விளையாட்டின் தொடக்கம். அதனை விதிகளால் ஒழுங்குபடுத்தி 1913-ல் சிறு போர்கள் என்னும் பொருள்படும் நூலாக வெளியிட்டார். காலாள் ஒரு முறைக்கு ஓரடியும், குதிரைவீரன் ஈரடியும் நகரலாம். தன் பக்கத்து வீரர் நால்வரேனும் ஆறங்குலத்திற்குள் நின்றாலன்றிப் பீரங்கி சுடவும் நகரவும் கூடாது. எனவே ஆளில்லாத ஆயுதம் அவர் களத்தில் வெறும் ஈயமே. இன்று மேஜைமீது சிறு டாங்கிகளை வைத்து ஆடுவோரும் இவ்வழியையே பின்பற்றுகின்றனர். 1944-ல் பிரிட்டிஷார் பலவிடத்தும் செய்தவாறு, சாதாரண ஷெர்மன் டாங்கிகள் மூன்றனோடு 17 பவுண்டுப் பீரங்கியுடைய ஒன்றைச் சேர்த்து அணி அமைப்பர். ஒவ்வொரு டாங்கிக்கும் மதிப்பெண் குறித்து இருபக்கமும் சமமாக்குவர்.

ஆயினும் போரை விளையாடிய வெல்ஸ் போரை விரும்பியவரல்லர். ஈயப் பொம்மைகளோடு மூன்று நான்கு முறை ஆடியவர்க்கே, மெய்ப்போர் எத்துணைத் தவறுகள் மலிந்தது என்பது விளங்கிவிடும் என அந்நூலின் முடிவிலே உணர்த்தினார். மறு ஆண்டே உலகப் போர் மூண்டது. அப்போரே போர்களுக்கெல்லாம் முடிவாகும் என அவர் நம்பி அதனை ஆதரித்தார். அந்நம்பிக்கை பொய்த்தது. அணுகுண்டு பற்றி 1914-ல் தாம் கற்பனையாய் எழுதியது 1945-ல் ஹிரோஷிமாவில் நனவானதையும் கண்டபின், 1946 ஆகஸ்டு 13-ம் நாள் லண்டனில் உயிர்நீத்தார். பேரறிவாளரும் பிழைபடுவர் என்பதற்கு அவர் நம்பிக்கையே சான்று. அப்பிழை அறிந்தபின்னும் மனித உரிமைகளுக்காக எழுதி வந்தமை அவர் பெருமைக்குச் சான்று.

அன்று மாலை உப்பளத்தில் டாங்கியொன்று கவிழ்ந்தபோது, அச்சிறுவன் சிந்திய உப்புக்கற்களை ஒவ்வொன்றாய்ப் பொறுக்கி எண்ணிய பின்னரே ஆட்டத்தைத் தொடர்ந்தான். களிமண் உடைந்தால் வேறு பிசையலாம். படைகளை வகுப்போர் யாவரும், பலகையிலாயினும் பாரிலாயினும், உள்ளிருக்கும் ஆட்களை முதலில் எண்ணுவாராக. வெல்ஸின் வாழ்விலிருந்து யாம் கற்றது இதுவே.