ஈரலில் மருந்து கண்டவர்

பெங்களூர் ஆய்வுக்கூடத்தில் எலியின் ஈரல் உயிரணுக்களிலுள்ள பாஸ்வரத்தை நான் அளக்கும்போதெல்லாம் குழாயில் நீல நிறம் எழும். 1925-இல் அம்முறையை வகுத்த இருவரில் ஒருவர், சென்னை மருத்துவக் கல்லூரியிற் பயின்ற எல்லாப்பிரகடா சுப்பாராவ் என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்?

1895-இல் பீமவரத்தில் வறிய குடும்பத்தில் பிறந்தார். இளமையிலேயே தமையனாரை ஸ்ப்ரூ என்னும் கொடிய கழிச்சல் நோய் கொண்டுபோயிற்று. கல்லூரியிலோ, கதர் அணிந்ததற்காகப் பேராசிரியரின் சினத்துக்கு ஆளானார், எம்.பி.பி.எஸ். கிட்டவில்லை, எல்.எம்.எஸ். சான்றிதழே கிட்டிற்று. கதருக்குக் கொடுத்த விலை!

பின்னர் அமெரிக்கா சென்று ஹார்வர்டில் சேர்ந்தார். வயிற்றுப்பாட்டுக்கு மருத்துவமனையில் எடுபிடி வேலையும் பார்த்தார். உயிரணுவுக்கு ஆற்றல் தரும் ஏ.டி.பி.யைத் தசையில் பிஸ்கேயுடன் சேர்ந்து கண்டறிந்து 1929-இல் வெளியிட்டார். அப்படியிருந்தும் ஹார்வர்டு அவருக்கு நிலையான பதவி தரவில்லை.

1940-இல் லெடர்லி நிறுவனத்துக்குப் போனார். அங்கே அவருடைய குழுவினர் ஈரலிலிருந்து போலிக் அமிலத்தைப் பிரித்தெடுத்தனர். 1945-இல் அதைச் செயற்கையாகவும் ஆக்கினர். அது ஸ்ப்ரூ நோயாளருக்கு மருந்தாயிற்று. தமையனாருக்குத்தான் காலம் கடந்துவிட்டது.

1948-இல், 53-ஆம் வயதில், அமெரிக்காவிலேயே காலமானார். தாயகம் திரும்பவேயில்லை, 1995-இல் அஞ்சல் தலையாகத்தான் வந்து சேர்ந்தார்.