பசி தீர்த்தவரும் பழி சுமந்தவரும்

அமெரிக்காவின் 31ஆவது ஜனாதிபதி ஹெர்பர்ட் ஹூவரின் வாழ்வு நம்மைச் சிந்திக்க வைப்பதாகும். 1874இல் அயோவா மாநிலத்தில் ஒரு கொல்லரின் மகனாகப் பிறந்த அவர், ஒன்பது வயதிலேயே தாய் தந்தை இருவரையும் இழந்தார். சுரங்கப் பொறியியலாளராகிப் பெரும்பொருள் ஈட்டினார். முதல் உலகப் போரில் பெல்ஜியம் பசியால் வாடியபோது உணவளித்துப் புகழ் பெற்றார்.

1929 மார்ச்சில் அவர் ஜனாதிபதியானார். அக்டோபரிலேயே பங்குச் சந்தை சரிந்தது, தொழில்கள் முடங்கின. ஆயிரத்துக்கும் மேற்பட்ட பொருளியல் அறிஞர்கள் வேண்டாமென்றும் கேளாமல், 1930இல் இறக்குமதி வரியை உயர்த்தினார். பிற நாடுகளும் வரியை உயர்த்த, வாணிபம் மேலும் நலிந்தது. அணைகள் கட்டப் பணம் ஒதுக்கிய அவர், ஏழைகளுக்கு மத்திய அரசு நேரடியாக உதவினால் தன்முயற்சி கெடும் என்று மறுத்தார். வேலையிழந்தோரின் குடிசைகளுக்கு மக்கள் அவர் பெயரையே சூட்டினர். 1932இல், வாக்களித்த ஊக்கத்தொகையை முன்னதாகவே கேட்டு வாஷிங்டனில் கூடிய முன்னாள் போர்வீரர்களை இராணுவம் விரட்டியது. அவ்வாண்டுத் தேர்தலில் ரூஸ்வெல்ட்டிடம் தோற்றார்.

ஆயினும் அவர் ஓய்ந்துவிடவில்லை. 1946இல் ஜனாதிபதி ட்ரூமன் கேட்டுக்கொள்ள, உணவுப் பஞ்சத்தை ஆராய இந்தியா உட்படப் பல நாடுகளுக்குச் சென்றார். போரில் பகைநாடாயிருந்த ஜெர்மனியில் 1947இல் சுமார் 35 இலட்சம் பள்ளிப் பிள்ளைகளுக்கு உணவு கிடைக்கச் செய்தார். அரசு நிர்வாகத்தைச் சீரமைக்கும் குழுவுக்கும் தலைமை ஏற்றார். 1964இல், 90ஆம் வயதில் மறைந்தார்.

அயலார் பசியைத் தீர்த்தவர் தம் மக்களின் பசிமுன் கொள்கையைப் பிடித்து நின்றாரே என நாம் வருந்துகிறோம். தோற்றபின்னும் தொண்டை விடாத அவர் உறுதியை நாம் போற்றுகிறோம்.