1.5 கி.மீ. தூரத்தில் துடித்த இதயம், டெலிபோன் கம்பியில் வந்த இசிஜி: யார் இந்த வில்லெம் ஐந்தோவன்?

பேஸ்மேக்கர் வைத்தவர்கள் வீட்டில் இப்போது கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் பெட்டியைப் பார்க்கலாம். ராத்திரி நோயாளி தூங்கும்போது, நெஞ்சுக்குள் இருக்கும் கருவியிடம் அது தகவல் வாங்கிக்கொள்ளும். பிறகு மொபைல் நெட்வொர்க் வழியாக அனுப்பிவிடும். காலையில் மருத்துவமனையில் இருப்பவர்கள் கம்ப்யூட்டரில் பார்ப்பார்கள்: பேட்டரி எவ்வளவு இருக்கு, வயர் சரியா இருக்கா, இரவில் துடிப்பு தாறுமாறாக ஓடியதா என்று.

இது ஏதோ இந்த நூற்றாண்டின் யோசனை என்றுதான் தோன்றும். ஆனால் ஒரு நோயாளியின் இதயத் துடிப்பை அவர் இருக்கும் இடத்திலிருந்தே கம்பி வழியாக வரவழைத்துப் பார்த்தது 1905-ல். நெதர்லாந்தின் லைடன் நகரத்தில் அதைச் செய்தவர், இசிஜியின் தந்தை எனப்படும் வில்லெம் ஐந்தோவன்.

ஜாவாவில் பிறந்த பையன்

ஐந்தோவன் பிறந்தது ஐரோப்பாவில் இல்லை. டச்சுக்காரர்கள் ஆண்ட ஜாவாவின் செமராங் நகரத்தில், 1860 மே 21 அன்று பிறந்தார். அப்பா மருத்துவர். அவர் சீக்கிரமே இறந்துபோக, ஆறு பிள்ளைகளை அழைத்துக்கொண்டு அம்மா நெதர்லாந்துக்குத் திரும்பினார். குடும்பம் உட்ரெக்ட் நகரத்தில் குடியேறியது.

அப்பா வழியில் மருத்துவராவதுதான் பையனின் திட்டம். உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். படிப்பில் மட்டுமல்ல, விளையாட்டிலும் ஆர்வம். ஒருமுறை விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டார். படுத்திருந்த நாட்களிலும் சும்மா இல்லை, கை எப்படித் திரும்புகிறது, மூட்டு எப்படி வேலை செய்கிறது என்று யோசித்து அதையே ஒரு ஆய்வுக் கட்டுரையாக்கிவிட்டார். 1885-ல் டாக்டர் பட்டம். அடுத்த ஆண்டே லைடன் பல்கலைக்கழகத்தில் உடலியங்கியல் பேராசிரியர். அப்போது வயது 25தான்!

நாயின் இதயமும் பாதரசக் குழாயும்

இதயம் துடிக்கும்போது மிகச் சிறிய மின்சாரம் உண்டாகிறது என்பது அப்போதே தெரியும். 1887-ல் லண்டனில் அகஸ்டஸ் வாலர் மனித உடலின் மேலிருந்தே அதைப் பதிவு செய்து காட்டிவிட்டார். தன் நாய் ஜிம்மியை உப்புத் தண்ணீரில் நிறுத்தி, கூட்டத்தின் முன் அதன் இதய மின்சாரத்தைக் காட்டுவது வாலரின் வழக்கம். 1889-ல் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் நடந்த மாநாட்டில் வாலரின் செய்முறையை ஐந்தோவன் நேரில் பார்த்தார்.

பிரச்னை கருவியில் இருந்தது. பாதரசம் நிரப்பிய மெல்லிய கண்ணாடிக் குழாய்தான் அந்தக் கருவி. மின்சாரம் மாறும்போது பாதரசம் ஏறி இறங்கும். ஆனால் ரொம்ப மெதுவாக. இதயம் ஒரு கணத்தில் செய்வதை அது பின்தங்கித்தான் காட்டும். தெருவில் குதிரை வண்டி போனால்கூட ஆடும். கிடைத்த மங்கலான கோட்டைக் கணக்குப் போட்டுத் திருத்தி, உண்மையான வடிவம் இப்படித்தான் இருக்க வேண்டும் என்று ஐந்தோவன் வரைந்தார். அதிலிருந்த மேடு பள்ளங்களுக்கு 1895-ல் அவர் வைத்த பெயர்கள்தான் பி, க்யூ, ஆர், எஸ், டி. இன்று எந்த மருத்துவமனையில் இசிஜி எடுத்தாலும் டாக்டர் சொல்வது அதே எழுத்துகளைத்தான்.

ஆனா ஒவ்வொரு நோயாளிக்கும் கணக்குப் போட்டுக்கொண்டிருக்க முடியுமா? வேகமான கருவி ஒன்று வேண்டும்.

அம்பு விட்டு இழுத்த இழை

அதற்கான விடைதான் ஸ்ட்ரிங் கால்வனோமீட்டர். பலமான இரண்டு காந்த முனைகளுக்கு நடுவில் ஒரு மெல்லிய இழை. இதயத்தின் மின்சாரம் அதில் பாயும்போது இழை அசையும். ஒளி பாய்ச்சி, அசையும் இழையின் நிழலைப் பெரிதாக்கி, நகரும் போட்டோ தகட்டில் விழ வைத்தால் கோடு கிடைத்துவிடும்.

கேட்க எளிது. ஆனால் அந்த இழை தலைமுடியைவிடப் பல மடங்கு மெல்லியதாக இருக்க வேண்டும். குவார்ட்ஸை உருக்கி, அதை ஒரு அம்பின் வாலில் ஒட்டி, அம்பை எய்வார்கள். பறக்கும் அம்பு உருகிய குவார்ட்ஸை நூலாக இழுத்துக்கொண்டு போகும். அதில் வெள்ளி பூசினால் மின்சாரம் பாயும். நோபல் பரிசு வாங்கித் தந்த கருவியின் இதயப் பகுதி இப்படித்தான் உருவானது.

மற்றதெல்லாம் பிரம்மாண்டம். எடை சுமார் 270 கிலோ. இரண்டு அறைகளை அடைத்துக்கொண்டது. இயக்க ஐந்து பேர். காந்தம் சூடாகாமல் இருக்க அதைச் சுற்றித் தண்ணீர் ஓட வேண்டும். நோயாளி இரண்டு கைகளையும் இடது காலையும் உப்புத் தண்ணீர் பாத்திரங்களில் விட்டுக்கொண்டு உட்கார வேண்டும்.

ஒன்றைச் சொல்லியே ஆகணும். தகடு நொடிக்கு 25 மில்லிமீட்டர் நகர வேண்டும், ஒரு மில்லிவோல்ட்டுக்குக் கோடு ஒரு சென்டிமீட்டர் உயர வேண்டும் என்று அவர் வைத்த அளவு இன்றைய இசிஜி தாளிலும் மாறவில்லை.

நோயாளி அங்கே, மெஷின் இங்கே

இப்போது புதுச் சிக்கல். நிஜமான இதய நோயாளிகள் இருப்பது மருத்துவமனையில். கருவி இருப்பது 1.5 கிலோமீட்டர் தள்ளி, ஐந்தோவனின் ஆய்வகத்தில். படுக்கையில் மூச்சுவிடத் திணறுபவரை அங்கே தூக்கிக்கொண்டு வர முடியாது. 270 கிலோ கருவியையும் நகர்த்த முடியாது. பார்க்க வேண்டிய இதயங்களை மட்டும் பார்க்க முடியாத நிலை.

டெலிபோன் கம்பியைப் பயன்படுத்தலாமே என்று யோசனை சொன்னவர் இயற்பியலாளர் யோகன்னஸ் பொஸ்கா. மருத்துவமனைக்கும் ஆய்வகத்துக்கும் கம்பி இணைப்பு கொடுக்கப்பட்டது. 1905 மார்ச் 22 அன்று முதல் பதிவு வந்தது. அன்று மருத்துவமனையில் உட்கார்ந்தவர் நோயாளி இல்லை, நல்ல திடகாத்திரமான ஆள். அவருடைய கோட்டில் ஆர் அலை ரொம்ப உயரமாக இருந்தது. காரணம் என்ன என்று பார்த்தால், பதிவுக்காக ஆய்வகத்திலிருந்து மருத்துவமனை வரை மனுஷன் சைக்கிள் மிதித்து வந்திருக்கிறார்!

பிறகு நிஜ நோயாளிகளின் பதிவுகள் வர ஆரம்பித்தன. 1906-ல் ஐந்தோவன் வெளியிட்ட கட்டுரையின் பெயரே டெலிகார்டியோகிராம். வீங்கிய இதய அறைகள், நடுவில் முந்திக்கொண்டு வரும் துடிப்புகள் எனப் பலவும் அதில் இருந்தன. மேல் அறையின் மின் சமிக்ஞை கீழ் அறைக்கு வந்து சேராத முழு இதய அடைப்பும் இருந்தது. இந்தக் கடைசி நோய்க்குத்தான் பின்னாளில் பேஸ்மேக்கர் வந்தது. உடலுக்குள் வைக்கும் முதல் பேஸ்மேக்கர் ஸ்டாக்ஹோமில் 1958-ல் பொருத்தப்பட்டபோது ஐந்தோவன் இறந்து 31 ஆண்டுகள் ஆகியிருந்தன.

அந்தக் கம்பி இன்று என்ன ஆச்சு?

1970-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் மறுபடியும் டெலிபோன்தான் கைகொடுத்தது. நோயாளி வீட்டிலிருந்து போன் வழியாக பேஸ்மேக்கர் சிக்னலை அனுப்புவார், பேட்டரி தீர்ந்துவருகிறதா என்று மறுமுனையில் பார்ப்பார்கள். 2001-க்குப் பிறகு நோயாளி எதையும் செய்யாமலே தகவல் தானாகப் போகும் கருவிகள் வந்தன.

இதனால் பலன் உண்டா? அதிர்ச்சி கொடுத்து உயிர் காக்கும் ஐசிடி கருவி வைத்தவர்களிடம் நடந்த டிரஸ்ட் ஆய்வின் முடிவு 2010-ல் வெளியானது. தொலைவிலிருந்து கண்காணித்தபோது மருத்துவமனையில் செய்யும் பரிசோதனைகள் சுமார் 45 சதவீதம் குறைந்தன. பாதுகாப்பில் குறை இல்லை. 2014-ல் வந்த இன்-டைம் ஆய்வில், தினமும் தகவல் பார்க்கப்பட்ட இதயச் செயலிழப்பு நோயாளிகளில் ஓராண்டில் இறந்தவர்கள் 10 பேர். வழக்கமான சிகிச்சையில் இருந்தவர்களில் 27 பேர். ஆனால் வாரம் ஒருமுறை மட்டும் பார்த்த ஒரு பிரிட்டன் ஆய்வில் அப்படிப்பட்ட நன்மை தெரியவில்லை. பெட்டி அனுப்பினால் மட்டும் போதாது, அந்தப் பக்கம் உடனே பார்க்கவும் ஆள் வேண்டும்.

பலர் தவறாகப் புரிந்துகொள்ளும் இடமும் இதுதான். அந்தப் பெட்டி ஆம்புலன்ஸ் சேவை இல்லை. மயக்கமோ நெஞ்சுவலியோ வந்தால், பெட்டி சொல்லியிருக்கும் என்று காத்திருக்கக் கூடாது. உடனே மருத்துவமனைக்குப் போகணும். கருவியின் அமைப்புகளை மாற்றுவதற்கும் பெரும்பாலும் நேரில்தான் போக வேண்டும். தொலைவிலிருந்து பார்க்கலாம், சுலபமாகத் தொட முடியாது என்பது பாதுகாப்புக்காகத்தான். 2017-ல் அமெரிக்காவில் சுமார் 4,65,000 பேஸ்மேக்கர்களுக்கு ஹேக்கிங் ஆபத்தைத் தடுக்கும் மென்பொருள் மாற்றம் அறிவிக்கப்பட்டது. அதற்கும் நோயாளிகள் நேரில்தான் போக வேண்டியிருந்தது.

நோபல் பரிசும் இரண்டு சகோதரிகளும்

ஐந்தோவனின் கருவியை 1908 முதல் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் நிறுவனம் தயாரிக்க ஆரம்பித்தது. லண்டன் மருத்துவர் தாமஸ் லூயிஸ் அதை வைத்துத் துடிப்புக் கோளாறுகளைத் தீவிரமாக ஆராய்ந்தார். தன் கண்டுபிடிப்பு மருத்துவத்தில் இடம்பிடித்ததற்கு லூயிஸின் உழைப்பு பெரிய காரணம் என்பதை ஐந்தோவன் மறைக்கவில்லை. நோபல் உரையிலேயே அதைச் சொல்லிவிட்டார்.

நோபல் பரிசு 1924-ல் அறிவிக்கப்பட்டபோது அவர் அமெரிக்காவில் சொற்பொழிவுப் பயணத்தில் இருந்தார். பரிசுப் பணம் பற்றி ஒரு விஷயத்தை அவரைப் பற்றி எழுதியவர்கள் சொல்கிறார்கள். கருவியை உருவாக்க உடனிருந்து உழைத்த உதவியாளரைத் தேடினாராம். அவர் இறந்துவிட்டிருந்தார். அவருடைய இரண்டு சகோதரிகள் ஏழ்மையில் இருப்பது தெரிந்து, பணத்தில் பாதியை அவர்களிடம் கொடுத்துவிட்டாராம்.

கடைசி ஆண்டுகளில் இன்ஜினியரான தன் மகனோடு சேர்ந்து வேறொரு வேலையில் இறங்கினார். அதே இழைக் கருவியை மாற்றியமைத்து, தொலைதூர ரேடியோ தந்தி சமிக்ஞைகளைப் பிடிக்கும் முயற்சி அது. 1927 செப்டம்பர் இறுதியில் லைடனில் ஐந்தோவன் இறந்தார். வயது 67. லைடனை ஒட்டிய ஊக்ஸ்ட்கேஸ்ட் ஊரின் தேவாலயத் தோட்டத்தில் அவருடைய கல்லறை இருக்கிறது.