சென்னையில் ஒலிபரப்பை நாட்டிய சி. வி. கிருஷ்ணசாமிச் செட்டியார்

நாட்டிற்கு நன்மை புரிந்தாருள் இருவகையினர் உளர். தாம் நட்ட மரத்தின் கனியைத் தாமே கண்டு மகிழ்வார் ஒரு வகையினர். நட்டபின் தொடர்ந்து நீர்வார்க்க இயலாமையால் அதனைப் பிறர் கையில் ஒப்புவித்து, அது பின்னர் ஓங்கிப் பலர்க்கும் நிழல் தருதற்குக் காரணராய் நின்றார் மற்றொரு வகையினர். முன்னவர் பெயரை உலகம் எளிதில் மறவாது. பின்னவர் பெயரோ மரத்தின் வேரைப்போல மண்ணுள் மறைந்து கிடக்கும். அவ்வரிசையில் வைத்து எண்ணத்தக்க சி. வி. கிருஷ்ணசாமிச் செட்டியாரின் தொண்டினை நம் சங்கத்து அன்பர்கட்கும், அவர்தம் இல்லத்தார்க்கும், சிறப்பாகப் படிக்கும் பிள்ளைகட்கும் எடுத்துரைக்க விரும்புகின்றோம்.

கம்பியின்றிச் செய்தி விடுக்கும் முறை மேனாட்டில் தோன்றிய காலத்தில், அது பெரும்பாலும் கடலிற் செல்லும் கப்பல்கட்கும் படைகட்குமே பயன்பட்டது. மார்க்கோனி என்னும் இத்தாலியர் 1901ஆம் ஆண்டில் அட்லாண்டிக் பெருங்கடலைக் கடந்து குறியொலியைச் செலுத்தினார். ஆயினும், பேச்சையும் பாட்டையும் ஓரிடத்திருந்து பரப்பி, கேட்பார் எவராயினும் கேட்டு மகிழுமாறு செய்யும் வழக்கம் பின்னரே வேரூன்றிற்று. அமெரிக்காவில் பிட்ஸ்பர்க்கு நகரத்து நிலையம் 1920ஆம் ஆண்டு நவம்பரிலும், இலண்டன் மாநகரத்து பி. பி. சி. நிலையம் 1922ஆம் ஆண்டு நவம்பரிலும் தம் பணியைத் தொடங்கின. நம் நாட்டினர் பெரும்பாலார் அந்நாளில் ரேடியோ என்னும் சொல்லையே கேட்டறியாதவர்.

அத்தகைய காலத்தில் இங்கிலாந்து சென்று மீண்ட பொறியியல் வல்லுநர் நம் செட்டியார். மேனாடு சென்று மீள்வார், தமக்கும் தம் குடும்பத்திற்கும் வேண்டிய அரும்பொருள்களைக் கொணர்தல் இயல்பு. இவரோ ஒலிபரப்புக் கருவிக்குரிய உறுப்புகளை உடன் கொணர்ந்தார். அவற்றைத் தம் கையாலேயே இணைத்துச் சிறு கருவியொன்றை அமைத்தார். பேசுவாரின் குரல் மின்னாற்றலாக மாறி, உயர்ந்த கம்பத்தினின்றும் அலையாய்ப் பரந்து, நெடுந்தொலைவில் உள்ள மற்றொரு கருவியிற் புகுந்து மீண்டும் குரலாய் ஒலிக்கும் விந்தையைச் சென்னை மக்கள் கண்டனர்.

விந்தை காட்டிய அளவில் இவர் அமைந்துவிடவில்லை. ஆர்வமுடையாரை ஒன்றுசேர்த்து 1924ஆம் ஆண்டு மே மாதம் 16ஆம் நாள் சென்னை மாகாண ரேடியோ கழகத்தைத் தோற்றுவித்தார். அவ்வாண்டு ஜூலை 31ஆம் நாள் கழகத்தின் ஒலிபரப்பு தொடங்கிற்று. அக்கருவியின் ஆற்றல் 40 வாட்டு. நம் வீடுகளில் முன்னர் எரிந்த குண்டு விளக்கு ஒன்றிற்கு வேண்டிய மின்னாற்றல் அவ்வளவே. அச்சிறு ஆற்றலைக் கொண்டே மாலை வேளையில் இசையும் சொற்பொழிவும் நகரெங்கும் பரவின. பின்னர் அக்கருவி 200 வாட்டு ஆற்றலுடையதாகப் பெருக்கப்பட்டது.

ஆயினும் கழகத்திற்குப் பொருள் முட்டுப்பாடு விரைவில் நேர்ந்தது. அதன் காரணத்தை ஊன்றி நோக்குதல் வேண்டும். நாடகக் கொட்டகையில் சீட்டுப் பெறாதவன் உட்புக இயலாது. வானத்திற் பரவும் ஒலிக்கோ வாயிலும் இல்லை, காவலனும் இல்லை. சந்தா செலுத்தியவன் கேட்கும் பாட்டையே செலுத்தாதவனும் கேட்பான். செலவோ நாள்தோறும் வளரும்; வரவோ உறுப்பினர் சிலரின் கையளவில் நிற்கும். இந்நிலையில் 1927ஆம் ஆண்டு அக்டோபரில் கழகத்தின் ஒலிபரப்பு நின்றுவிட்டது.

இஃது ஒரு தனிக்கழகத்தின் குறை என்று எண்ணற்க. அவ்வாண்டு ஜூலை 23ஆம் நாள் பம்பாயிலும், ஆகஸ்டு 26ஆம் நாள் கல்கத்தாவிலும் நிலையங்களைத் திறந்த இந்திய ஒலிபரப்புக் கம்பெனி, பெருமுதலுடன் தொடங்கியும், மூன்றாண்டு நிறைவதற்குள் 1930ஆம் ஆண்டு மார்ச்சு 1ஆம் நாள் கலைக்கப்பட்டது. வணிகர் பெருமுதலுக்கே நிலைக்காத தொழில், ஆர்வலர் சிலரின் சந்தாவிற்கு நிலையாதது வியப்பன்று.

இவ்விடத்தேதான் செட்டியாரும் கழகத்தாரும் செய்த பெருஞ்செயல் விளங்குகின்றது. நொடித்த முயற்சியின் கருவிகளைக் கிடைத்த விலைக்கு விற்றுவிடுதல் உலகத்து வழக்கம். கழகத்தாரோ தம் ஒலிபரப்புக் கருவியைச் சென்னை நகராண்மைக் கழகத்திற்கு அளித்துவிட்டனர். நகராண்மைக் கழகம் அதனைக் கைக்கொண்டு, 1930ஆம் ஆண்டு ஏப்ரல் 1ஆம் நாள் முதல் முறையான ஒலிபரப்பை நடத்தலாயிற்று. தெருவிளக்கும் குடிநீரும் போல இசையும் கல்வியும் நகரத்தார்க்குரிய பொதுப்பொருளாயின.

அந்நிலையத்தின் நிகழ்ச்சிமுறை எளியது, ஆயினும் கருத்துடையது. மாலை 5.30 மணி முதல் 7.30 மணி வரை இசை நிகழ்ந்தது. பள்ளி நடைபெறும் நாள்களில் 4 மணி முதல் 4.30 மணி வரை நகராண்மைப் பள்ளிச் சிறார்க்கென இசைப்பாடமும் கதையும் ஒலித்தன. ஞாயிறுகளிலும் விடுமுறை நாள்களிலும் முற்பகலில் இசைத்தட்டுகள் சுழன்றன. வகுப்பறையில் வாழ்நாளைக் கழிக்கும் நமக்கு, ஏழைப் பிள்ளைகளின் பள்ளியில் இசை ஒரு பாடமாய் ஒலித்தது என்பதே இவை யாவற்றுள்ளும் இனிக்கின்றது.

ரேடியோப் பெட்டியை விலைகொடுத்து வாங்கும் வன்மை அந்நாளில் செல்வர் சிலர்க்கே உண்டு. ஆதலின் மெரினாக் கடற்கரையிலும், உயர்நீதிமன்றத்தையடுத்த கடற்கரையிலும், பீப்பிள்ஸ் பார்க்கிலும், இராயபுரத்து ராபின்சன் பூங்காவிலும், பள்ளிகள் சிலவற்றிலும் ஒலிபெருக்கிகள் நாட்டப்பட்டன. சபாவில் காசு கொடுத்துக் கேட்கவேண்டிய பாட்டை, வண்டியிழுப்பவனும் வலை உலர்த்துபவனும் மணலில் அமர்ந்து கேட்க வழி பிறந்தது. கோயில்களினுள்ளேயே எல்லார்க்கும் இடம் கிடையாத காலம் அது. நம் மதுரைத் திருக்கோயிலின் வாயில் அனைவர்க்கும் திறக்கப்பட்டது 1939ஆம் ஆண்டிலேயே என்பதை நினைந்தால், அக்கடற்கரை மணலின் பெருமை நன்கு புலனாகும்.

நகராண்மை ஒலிபரப்பு எட்டாண்டு நடைபெற்றது. 1938ஆம் ஆண்டு ஜூன் 16ஆம் நாள் அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் திறக்கப்பட, அப்பணி அதன்பாற் சென்றது. அதற்கடுத்த ஆண்டு மே மாதம் 16ஆம் நாள் திருச்சிராப்பள்ளி நிலையம் தோன்றிற்று. செட்டியார் தம் கழகத்தைத் தோற்றுவித்த நாளும் மே 16 என்பதை நினைவு கூர்க. சரியாகப் பதினைந்து ஆண்டுகளில் அவர் இட்ட வித்து காவிரிக்கரையிலும் முளைத்துவிட்டது.

திருச்சி நிலையத்தால் நம் பாண்டி நாட்டாரும் பெரும்பயன் பெற்றனர். மதுரைக்கெனத் தனி நிலையம் எழும்வரை, ஆனையூரிலும் சுற்றுப்புறச் சிற்றூர்களிலும் நம் முன்னோர் செவிமடுத்தது பெரும்பாலும் அதனையே. உழவர்க்கென அந்நிலையம் ஆற்றிய பணிக்கு ஒரு சான்று போதும். 1960களில் ஆடுதுறை 27 என்னும் புதிய நெல்வகையைப் பற்றித் தஞ்சை உழவர் அவ்வானொலி வாயிலாகவே மிகுதியும் அறிந்தனர். அறிந்து பயிரிட்டு, அந்நெல்லுக்கு ரேடியோ நெல் என்றே பெயரிட்டு வழங்கினர். குரலால் வயல் விளைந்த கதை இது.

செட்டியாரை ஒத்த மற்றொருவர் மைசூரில் இருந்தார். உளநூற் பேராசிரியர் எம். வி. கோபாலசுவாமி 1935ஆம் ஆண்டில் தம் இல்லத்திலேயே நிலையம் அமைத்து, அதற்கு ஆகாசவாணி என்று பெயர் சூட்டினார். அம்முயற்சியும் பின்னர் மைசூர் அரசின் கைக்குச் சென்றே நிலைபெற்றது. அவர் இட்ட பெயர் பிற்காலத்தில் நாடு முழுவதற்கும் உரிய பெயராயிற்று. ஒருவர் தொடங்குதலும் ஊரார் தாங்குதலும் சேர்ந்தாலன்றிப் பொதுப்பணி நிலையாது என்பதை இவ்விருவர் வாழ்வும் ஒருங்கே காட்டுகின்றன.

செட்டியார் எம்மரபினர், நம்மவர்தாமா என்று அன்பர் சிலர் வினவக்கூடும். குலத்தின் பெயரால் கூடியுள்ள சங்கத்தில் அவ்வினா எழுதல் இயல்பே. ஆயினும், அவர் பரப்பிய ஒலி எவர் மரபையும் வினவிச் செவியிற் புகவில்லை. அங்ஙனமிருக்க, அவர் மரபை ஆராய்ந்து பாராட்டுதல் அவர்க்குச் செய்யும் சிறப்பாகாது.

நாம் மேற்கொள்ளத்தக்க பாடம் வேறொன்று உளது. நம்மவருள் கல்விக்கும் படிப்பகத்திற்கும் கைப்பொருள் ஈவார் சிலர் உளர். அவர் தளர்ந்தால் பணியும் தளர்கின்றது. வழங்குவார் வாழ்நாளோடு முடியும் அறத்திற்கு ஆயுள் குறைவு. ஆதலின் தொடங்குவோர், தம் பெயர் நிலைக்குமோ என்று கருதாது, பணி நிலைக்குமாறு அதனைப் பொதுவில் ஒப்படைக்கும் மனம் பெறல் வேண்டும். ஏனையோர், தாம் நுகரும் நன்மைக்குத் தம் பங்கைத் தவறாது செலுத்தல் வேண்டும். நாற்பது வாட்டுக் கழகம் மூன்றாண்டில் நின்றது, பாடுவார் இன்மையால் அன்று. கேட்டவர் யாவரும் கொடுத்தவராகாமையால் என்பதை நம் சங்கத்து இளைஞர் உள்ளத்திற் பதித்துக்கொள்வாராக.

செட்டியார் புகழ் வாழ்க.